கரண்ட் போன கடைசி எபிசோடு

2 டிசம்பர் 2008, செவ்வாய்

டிசம்பர் வந்தால் எனக்கு ஒரு காய்ச்சல் வரும். பிளாக் ஆரம்பிக்கிற காய்ச்சல். போன வருஷமும் வந்தது, பொங்கலுக்குள் தணிந்துவிட்டது. இந்த முறை விடக்கூடாது. தமிழில் ஜப்பான் அனிமே பற்றி எழுத ஆள் கம்மி. எழுதுகிறவர்களும் கத்திச்சண்டையைத் தாண்டி வரமாட்டேன் என்கிறார்கள்.

நான் 'பனிமலை ஸ்டேஷன்' பற்றி எழுதுவேன். முதலில் படக்கதைப் புத்தகம், அப்புறம் ஜப்பானில் டிவி தொடர், இப்போது தமிழ் டப்பிங்கில் தினமும் சாயங்காலம் ஆறரைக்கு. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது உருப்படி எது சொதப்பல் என்று ஒரு பிடி பிடிக்கணும்.

பகலெல்லாம் ஷூ கம்பெனி சாம்பிள் ரூமில் பேட்டர்ன் வெட்டுகிறவனுக்கு இதெல்லாம் தேவையா? தேவைதான். போ.

5 டிசம்பர், வெள்ளி

பிளாக்கில் கதைச்சுருக்கம் போடணும், இங்கேயே எழுதிப் பார்க்கிறேன். மலைமேல் ஒரு குட்டி ரயில்வே ஸ்டேஷன். ஸ்டேஷன் மாஸ்டர் வயசானவர், வீம்பு பிடித்தவர். மகள் ஹனே அவரோடு சண்டை போட்டுக்கொண்டு பட்டணம் போய்விடுகிறாள். அன்றிலிருந்து தினமும் கடைசி வண்டிக்கு விளக்கைத் தூக்கிக்கொண்டு பிளாட்பாரத்தில் நிற்கிறார். யாராவது கேட்டால், "டூட்டி."

டப்பிங்கில் அவர் "இன்னாம்மா இது பேஜாரு" என்கிறார். அவர் குடிக்கிற ஜப்பான் சூப்பைக்கூட ரசம் ஆக்கிவிட்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பேப்பருக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம். அப்பா! அரைமணி நேரமாக ஒரு பக்கத்தைக்கூடத் திருப்பவில்லை மனுஷன். நான் பார்த்ததும், "அந்தாளு பூட்ஸ் தையலைக் கரெக்டா போட்டிருக்கான்டா" என்றார். ஷூ கம்பெனி சூப்பர்வைசராக இருந்து ரிட்டயர் ஆனவர். யாரைப் பார்த்தாலும் கண் முதலில் காலுக்குத்தான் போகும்.

அப்பா இந்த வீட்டில் சிரித்து எவ்வளவு நாளாச்சு. அந்த ரசம் போட்டவன் நல்லா இருக்கட்டும்.

9 டிசம்பர், செவ்வாய்

பக்ரீத். கம்பெனி லீவு. எதிர்வீட்டு நசீமுன்னிசா ஆன்ட்டி வழக்கம்போலப் பெரிய டிபன் பாக்ஸில் பிரியாணி அனுப்பினார்கள். அப்பா இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார். அம்மா சமையல்கட்டில், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி: "பாய் வூட்டு பிரியாணி வரலாமாம். பாய் வூட்டு மருமகன் வரக்கூடாதாம்."

மூன்று வருஷம். கரோலின் அக்கா பெங்களூரில் நர்ஸ். மேல்விஷாரத்து ஜியாவுல்லாவை ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டாள். அவர் வீட்டிலும் முதலில் பேச்சில்லை, அப்புறம் இறங்கி வந்துவிட்டார்கள். அப்பாவுக்கு வேலைக் காலத்து தோஸ்துகள் முக்கால்வாசிப் பேர் பாய்கள்தான். "தோஸ்த் வேற, மருமகன் வேற" என்று ஒரே வார்த்தை. இனிமே அவ இந்த வாசப்படி ஏறக்கூடாது— அன்றைக்குச் சொன்னார், அவளும் ஏறவில்லை. ரெண்டும் ஒரே ரத்தம்.

எனக்கு இந்த அனிமே பைத்தியத்தைப் பிடிக்க வைத்ததே அக்காதான். பனிமலை புத்தகத்தையும் அவள்தான் பெங்களூரில் பழைய புத்தகக்கடையில் வாங்கிக் கொடுத்தாள். நான் போய்ப் பார்த்துவிட்டு வருவது அப்பாவுக்குத் தெரியும். தெரியாத மாதிரியே இருப்பார். இந்த நியூ இயருக்காவது அவள் வீட்டுக்கு வரணும். வேற எதுவும் வேண்டாம் எனக்கு, பிளாக்கும் வேண்டாம்.

சரி, பிளாக் வேணும்.

19 டிசம்பர், வெள்ளி

ஐயோ!

கடைசி எபிசோடு. அப்பா இன்றைக்குப் பேப்பரைக்கூட எடுக்கவில்லை. நாற்காலியை டிவிக்கு நேராக இழுத்துப் போட்டுக்கொண்டார். பனி கொட்டுகிறது, கிழவர் விளக்கோடு நிற்கிறார், தூரத்தில் வண்டிச் சத்தம்— கரண்ட் போச்சு.

"வண்டி வந்துச்சுடா! இப்பதான்டா சத்தம் கேட்டுச்சு!" அப்பா கத்தின கத்தலில் ஆன்ட்டி ஓடி வந்துவிட்டார்கள், யாருக்கு என்ன ஆச்சோ என்று. ஈ.பி. ஆபீசுக்குப் போன் போட்டார். யாரும் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்? ஜப்பான் ரயிலுக்குக் கரண்ட் வேணும் என்றா?

22 டிசம்பர், திங்கள்

அப்பா ஆறு மணிக்கே உட்கார்ந்துவிட்டார். திரும்பப் போடுவான் என்று நம்பிக்கை. போட்டான், முதல் எபிசோடிலிருந்து. ஹனே பாவாடை சட்டையில் குட்டிப் பெண்ணாக ஓடுகிறாள்.

"டேய் ஷாஜின், அந்தப் பொண்ணு வந்துச்சா இல்லியா?"

புத்தகத்து முடிவு எனக்குத் தெரியும். கடைசிப் பக்கத்தில் ஆளே இல்லை. வீட்டு வாசல் கல்மேல் கிழவரின் பழைய பூட்ஸ், பக்கத்தில் பனி ஒட்டின சின்ன ஷூ ஒரு ஜோடி. அவ்வளவுதான். பார்த்ததும் அழுதுவிட்டேன். ஆனால் டிவியில் எப்படி முடித்தான் என்று சத்தியமாகத் தெரியாது.

"தெரியாதுப்பா. அக்காகிட்டதான் ஜப்பான் தொடரோட சிடி இருக்கு. அவளக் கேட்டாத்தான் தெரியும்."

அப்பா என்னை முறைத்தார். நான் டிவியை முறைத்தேன்.

25 டிசம்பர், வியாழன்

கிறிஸ்துமஸ். சர்ச்சிலிருந்து வரும் வழியில் அப்பா, சம்பந்தமே இல்லாமல்: "அந்தாளு வீம்புக்கார ஆளுடா. வண்டி வர்ற சத்தம் கேட்டும் ஒரு அடி முன்னாடி வைக்கல பாத்தியா."

பார்த்தேன்ப்பா.

28 டிசம்பர், ஞாயிறு

மறக்கறதுக்குள்ள அப்படியே எழுதிடறேன்.

சாப்பாடு முடிஞ்சு அப்பா என் செல்லை எடுத்து நீட்டினார். "நம்பர் போட்டுக் குடு." யாருக்குன்னு நானும் கேக்கல, அவரும் சொல்லல. ஸ்பீக்கரில் போட்டேன். அக்கா, "சொல்றா" என்றாள்.

"சாமுவேல் பேசறேன்."

பெத்த பொண்ணுகிட்ட! சாமுவேல் பேசறாராம்!

"அந்த ஸ்டேஷன் மாஸ்டர் பொண்ணு... வந்துச்சா?"

அக்கா அழறாளா சிரிக்கறாளான்னே தெரியல. "போன்ல சொல்ல மாட்டேன்பா. சிடியக் கொண்டாந்து போட்டுக் காட்றேன்."

அப்பா சுவரைப் பார்த்தார், காலண்டரைப் பார்த்தார். போச்சுடா, கட் பண்ணப் போறார்னு நினைச்சேன்.

"அவருக்கு லீவு கிடைக்குமா?"

"யாருக்குப்பா?"

"உன் வூட்டுக்காரருக்குத்தாம்மா. தனியா எப்டி பஸ்ல வருவே?"

மூணு வருஷமா பெங்களூர்ல தனியா பஸ்ல போய்ட்டு வர்றவ என் அக்கா. சமையல்கட்டில் அம்மா குழாயைத் திறந்துவிட்டு அழுதுகொண்டிருந்தாள். தொட்டி வழிந்ததுகூடத் தெரியவில்லை.

31 டிசம்பர், புதன்

பிரவுசிங் சென்டரில் பிளாக் திறந்துவிட்டேன். வருஷக் கடைசி என்று முதல் பதிவையும் பாதி டைப் அடித்தாச்சு. மாத ஆரம்பத்தில் டப்பிங்கைக் கிழிக்கணும் என்று இருந்தேன். இப்போது மனசு வரவில்லை. புத்தகம் என்னை அழவைத்தது, சரி. ரசம்தான் அப்பாவை உட்கார வைத்தது. புத்தகத்தில் இருப்பதை அப்படியே எடுத்தால்தான் உசத்தி என்று இனிமேல் எழுத என்னால் முடியாது. டிவி முடிவு பற்றின பத்தி மட்டும் பாக்கி. நாளைக்கு மதியம் வருகிறார்கள்.

1 ஜனவரி 2009, வியாழன்

வந்தார்கள். வாசலில் அம்மா அக்காவைக் கட்டிப்பிடித்தவள் விடவே இல்லை. அப்பா, "வாங்க, வெயில்ல நிக்காதீங்க" என்று இருவருக்கும் பொதுவாகச் சொன்னார். ஜனவரியில் என்ன வெயிலோ.

சாப்பிட்டதும் சிடி. பேச்சு ஜப்பானிய மொழி, கீழே இங்கிலீஷ் எழுத்து. அக்கா தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். வண்டி நின்றது. ஹனே இறங்கினாள். "அப்பா, நான்—" அவ்வளவுதான், அக்கா துப்பட்டாவில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். கிழவரின் பதிலை ஜியாவுல்லா மாமா மெதுவாகப் படித்தார்: "நேரமாச்சு. உள்ள வா."

அப்புறம் அப்பாவும் மகளும் கட்டிக்கொள்கிறார்கள், வயலின் அழுகிறது, ஊரே கைதட்டுகிறது. அப்பா முகத்தைச் சுளித்தார். "ச்சே, ஓவரா பண்றான். புக்குலயும் இப்டித்தானா?" அக்கா புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைச் சொன்னாள், அந்த வாசல் கல், இரண்டு ஜோடி. அப்பா எழுந்து போனார். நாங்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம்.

சாயங்காலம் அவர்கள் கிளம்ப வாசலுக்கு வந்தால், அப்பா படியில் உட்கார்ந்திருக்கிறார். மடியில் மாமாவின் ஷூ. கையில் ஷூ ஒட்டுகிற பழைய சொல்யூஷன் டப்பா.

"முன்னாடி வாயப் பொளந்துக்கினு நிக்குது. எவன் ஒட்டினானோ! நம்ம கம்பெனில இப்டி ஒட்டினவன அன்னிக்கே வூட்டுக்கு அனுப்பிருப்பேன்."

"பரவால்ல மாமா, விடுங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு—" மாமா வெறுங்காலோடு நின்று நெளிந்தார்.

"இரு மாப்ள." அப்பா தலையைத் தூக்கவில்லை. அடிப்பாகத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தார். "காயாம போட்டா பிச்சுக்கும். நாளைக்குத்தான் காயும். காலைல போலாம்."

அந்த சொல்யூஷன் பத்து நிமிஷத்தில் பிடித்துக்கொள்ளும். தினமும் அதோடு வேலை செய்கிறவன் நான், எனக்குத் தெரியும். அப்பாவுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

உள்ளே போய் ரெண்டு பாய் எடுத்துப் போட்டேன்.