வளையல் அடுக்கிய வீட்டில் ஒப்பாரி

2003, தை மாதம், வெள்ளிக்கிழமை இரவு.

இன்று வீட்டில் இருந்தவர்கள் பேத்தி செல்வி, அவளுக்கு வளையல் அடுக்க வந்த தெருப் பெண்கள், மருமகள் வசந்தா, என் மகன் சேகர், நான். செல்விக்கு ஏழாம் மாதம்.

சேகர் சென்னையில் பேர்பெற்ற ஒரு ராப் பாடகனுக்குக் கார் ஓட்டுகிறான். அந்தப் பாடகனுடைய புது ஆல்பம் என்று ஒரு சிடியைக் கொண்டுவந்து போட்டான். பாட்டுக்காரன் மூச்சுவிடாமல் பேசிக்கொண்டே போனான். பெண்கள் சிரித்தார்கள். பாட்டுக்கு நடுவில் ஒரு கிழவி அழுதாள். அது என் குரல். செல்வியின் அம்மா, என் மகள் கஸ்தூரி செத்த அன்று நான் பாடிய ஒப்பாரி. அன்று அதை டேப்பில் பிடித்தவன் சேகர்தான்.

சாவு வீட்டைவிட்டு வந்தபின் ஒப்பாரியை நாங்கள் முணுமுணுக்கக்கூட மாட்டோம். வயிற்றுப்பிள்ளைக்காரி காதிலா அது விழ வேண்டும்?

“நிறுத்துடா,” என்றேன்.

“உன் குரல் ஊரெல்லாம் கேக்குதும்மா. சந்தோஷப்படாம கத்திக்கினு இருக்கிறியே,” என்றான்.

வசந்தா போய் சுவிட்சை அணைத்தாள். செல்வியின் முகம் வெளுத்துவிட்டது.

“ஆயா, அதுல எங்கம்மா பேரு வருது. இன்னொரு வாட்டி போடச் சொல்லு.”

நான் சிடியைப் பிடுங்கி அரிசி டின்னுக்குள் போட்டுவிட்டேன். சாயங்காலத்திலிருந்து அவள் என்னோடு பேசவில்லை. இப்போது வயிறு இழுக்கிறது என்று வசந்தாவிடம் சொல்வது இங்கே கேட்கிறது. விடிந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அந்தப் பாட்டுக்காரனுக்குக் கஸ்தூரி யாரென்று தெரியாது. கூடப் பிறந்தவளின் சாவைத் தெரிந்தே தூக்கிக் கொடுத்தவனை நான் மன்னிக்கமாட்டேன். அவன் நான் பெற்ற சேகர்.