கதவு மூடாத ஃபால்கன்

கோஷன், இந்தியானா
ஏப்ரல் 19, 1998, ஞாயிறு

அன்புள்ள தம்பி மெர்லுக்கு,

அண்ணன் வெண்டல் எழுதுகிறேன். இங்கே நானும் உன் அண்ணி ஆர்லினும் சுகம். உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று இந்த முறை கேட்கப் போவதில்லை. கேட்டால் ‘பிரமாதம்’ என்பாய். நானும் நம்பியவனைப் போல அடுத்த பேச்சுக்குப் போய்விடுவேன். ஒரு குளிர்காலம் முழுவதையும் நாம் இரண்டு பேரும் இப்படியே ஓட்டிவிட்டோம்.

உன் தபால் அட்டை வியாழக்கிழமை வந்தது. கூரைத் துணி வெள்ளையா கறுப்பா, ஏரிக்குப் போகும் சாலையில் அந்தப் பெரிய வளைவு இன்னும் இருக்கிறதா என்று கேட்டிருந்தாய். எழுத்தெல்லாம் சரிந்து சரிந்து அட்டையின் ஓரத்துக்குப் போகிறது. முப்பத்தேழு வருஷம் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் கையெழுத்தைப் படித்தவன் நான். உட்கார்ந்து எழுதியது எது, படுத்துக்கொண்டு எழுதியது எது என்று எனக்குத் தெரியும்.

அதற்குப் பதில்தான் இந்தக் கடிதம். போனில் மூன்று முறை சொல்ல முயன்றேன். மூன்று முறையும் வானிலையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்தேன். உன் ஃபால்கன் கார் முடியவில்லை, மெர்ல். இனி முடியவும் முடியாது.

அக்டோபரில் உன் நடீன் டூசானிலிருந்து கூப்பிட்டு, உன் கணையத்தில் கட்டி என்று சொன்ன அன்றே, உடனே புறப்பட்டு வருகிறேன் என்றேன். நீ அவளிடமிருந்து போனைப் பிடுங்கினாய். “ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கிட்டு கட்டில் பக்கத்துல வந்து உட்கார்ற வேலையெல்லாம் வேணாம்ணே. என் ஃபால்கன் என்னாச்சு? இருக்கா, பழைய இரும்புக்குப் போட்டுட்டியா?” என்றாய். இருக்கிறது என்றேன். “அப்ப அதை ஓட வை. ஜூன்ல நான் வர்றேன். கூரையத் திறந்து விட்டுக்கிட்டு ஏரி வரைக்கும் ஒரு சுத்து. அது ஓடலைன்னா என் மூஞ்சியில முழிக்காதே” என்று சொல்லிச் சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. வீட்டை விட்டுப் போன இந்த முப்பத்திரண்டு வருஷத்தில் நீ என்னிடம் கேட்டது அது ஒன்றுதான்.

அன்று சாயங்காலமே கோழிக் கொட்டகைக்குப் போனேன். தார்ப்பாயை இழுத்தால் அது கையோடு பொடிப்பொடியாக வந்தது. பின் இருக்கையில் எலிகள் தலைமுறை தலைமுறையாகக் குடித்தனம் நடத்தியிருந்தன. முன் சக்கரங்கள் இரண்டும் மண்ணுக்குள் இறங்கியிருந்தன. ஆனாலும் ஸ்டீரிங்கில் நீ சுற்றி வைத்த பச்சை நாடா அப்படியே இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு ஒரு மூடத்தனமான நம்பிக்கை வந்துவிட்டது.

இஞ்சினைப் பற்றி உனக்குச் சொன்னதெல்லாம் உண்மை. நீ சொன்னபடியே கியர் எண்ணெயும் அசிட்டோனும் பாதிக்குப் பாதி கலந்து, துருவேறி இறுகிப்போன ஆறு சிலிண்டரிலும் ஊற்றி, தினம் காலையில் நீளக் கம்பியைப் போட்டு மெல்ல அசைத்துப் பார்த்தேன். பத்தொன்பதாம் நாள் இஞ்சின் ஒரு விரல் அளவு நகர்ந்தது. நான் போட்ட சத்தத்தில், நான் விழுந்துவிட்டேன் என்று நினைத்து ஆர்லின் ஓடி வந்தாள். கார்புரேட்டரை அவளுடைய வான்கோழிப் பாத்திரத்தில் ஊறப் போட்டதும் உண்மை. “இந்த வருஷம் நன்றி நாளுக்கு என்ன, கார்புரேட்டர் ரோஸ்ட்டா? மேல ஊத்தக் குழம்பு நான் வைக்கணுமா, நீங்களே பெட்ரோல் ஊத்திக்குவீங்களா?” என்று கேட்டாள். பிரேக் சாமான்கள் பழைய கார் கிடங்கிலிருந்து. இருக்கைக்குப் பஞ்சு, பள்ளிக்கூடம் கழித்துப் போட்ட பஸ்ஸிலிருந்து. என் ஓய்வூதியம் இடம் கொடுத்த அளவுக்கு எல்லாம் நேர்மையாகத்தான் நடந்தது.

கெட்டது, கதவுகளுக்குக் கீழே ஓடும் இரண்டு அடிப்பட்டைகளில்.

என் வகுப்பில் வருஷா வருஷம் ஒரு பாடம் நடத்துவேன். பால் அட்டைப்பெட்டி ஒன்றைப் படுக்க வைத்து, மேல்பக்கத்தை வெட்டி எடுத்துவிட்டு, இரண்டு முனைகளையும் இரண்டு புத்தகங்கள் மேல் வைப்பேன். உள்ளே சாக்பீஸ் டப்பாவை வைத்தால் தாங்கும். பிறகு பக்கச் சுவர்கள் இரண்டையும் நடுவில் கத்தரிப்பேன். பெட்டி நடுவில் மடங்கி உட்கார்ந்துவிடும். பிள்ளைகள் கத்துவார்கள். ‘பாரத்தைச் சுமந்தது அடிப்பக்கம் இல்லை, பக்கச் சுவர்’ என்று கரும்பலகையில் எழுதுவேன்.

உன் கார் அந்தப் பால் பெட்டிதான். கீழே தனியாக இரும்புச் சட்டம் கிடையாது. மேலே தகரக் கூரையும் கிடையாது. அந்த இரண்டு பட்டைகள்தான் பக்கச் சுவர். இரண்டும் கோழி எச்சத்திலும் ஈரத்திலும் பிஸ்கட் போல உதிர்ந்திருந்தன. வெட்டி எடுத்துப் புதிய தகரம் வைத்தாக வேண்டும். ஜனவரியில் நீ போனில் திரும்பத் திரும்பச் சொன்னாய்: “வாத்தியாரே, வெட்டுறதுக்கு முன்னாடி ரெண்டு கதவு வாயிலயும் குறுக்கே குழாய் வச்சு வெல்டு பண்ணிடு. அதைப் பண்ணாம வெட்டினா வண்டி தொங்கிடும். கேக்குதா?” கேட்கிறது என்றேன். குறித்தும் வைத்தேன்.

பிப்ரவரி கடைசியில் நடீன் என்னைக் கூப்பிட்டாள். அவள் மேல் கோபப்படாதே. நீ தூங்கும்போது சமையலறையிலிருந்து, கையால் வாயை மூடிக்கொண்டு பேசுகிறவளைப் போலப் பேசினாள். ஜூன் மாதத்தை நம்ப வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். எனக்குக் குழாய் வாங்கவும் பொருத்தவும் இன்னொரு வாரம் வேண்டியிருந்தது. டிங்கரிங் பட்டறை வைத்திருக்கும் டுவேன் யோடருக்கோ அந்தச் சனிக்கிழமை ஒன்றுதான் ஓய்வாக இருந்தது. அவன் என்னிடம் படித்தவன். ஏழாம் வாய்ப்பாட்டில் எப்போதும் தடுக்கி விழுவான். கூலி வாங்காமல் ஆர்லினின் ஆப்பிள் பைக்கு வெல்டிங் செய்கிறவன்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அளந்தேன். காரை ஜாக்கி போட்டுத் தூக்கி, முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று ஸ்டாண்டுகளில் நிறுத்திவிட்டு, கதவு வாய்களை மூலைக்கு மூலை டேப் வைத்து அளந்து, நோட்டில் எழுதினேன். எண்கள் கையில் இருந்தால் குழாய் எதற்கு, வெட்டிய பிறகு அதே எண்களுக்குக் கொண்டுவந்தால் போதும் என்று என் புத்தி சொன்னது. டுவேன் வந்ததும் முதலில், “குழாய் எங்கே சார்?” என்று கேட்டான். நோட்டைக் காட்டினேன். ஒரு நிமிஷம் பார்த்தான். “நீங்க அளந்திருந்தா சரியாத்தான் சார் இருக்கும்” என்று முகமூடியைக் கீழே இறக்கினான்.

நேற்றுதான் கதவுகளை மாட்டினோம். வலது கதவு பின்பக்கம் மேலே ஒரு கட்டைவிரல் அகலம் இடித்தது. இடது கதவும் அப்படியே. நோட்டை எடுத்து வந்து மறுபடி அளந்தேன். எல்லா எண்ணும் பொருந்தியது, மெர்ல். ஒன்றுகூடத் தவறவில்லை. டுவேன் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தான். தயங்கித் தயங்கிக் கேட்டான்: “சார், இதை எப்ப அளந்தீங்க? தரையில நின்னப்பவா, தூக்கி வச்ச பிறகா?”

தூக்கி வைத்த பிறகு. பட்டைகள் உளுத்துப்போன கார், தூக்கியபோதே நடுவில் தொங்கிவிட்டது. தொங்கிய காரைத்தான் அளந்திருக்கிறேன். அந்தத் தொங்கலைத்தான் அவ்வளவு கவனமாகக் காப்பாற்றி, புதுத் தகரத்தால் நிரந்தரமாக்கியிருக்கிறேன். கணக்கை நோட்டில் இறக்கும்போதே தப்பாக இறக்கிவிட்டு, அடுத்த படிகளை அழகாகப் போடும் பையன்கள் என் வகுப்பில் இருந்தார்கள். அவர்களுக்குப் பாதி மதிப்பெண் போடுவேன். இதற்குப் பாதி மதிப்பெண் கிடையாது. இனி நடுவில் முட்டுக் கொடுத்துத் தூக்கி எல்லாவற்றையும் வெட்ட வேண்டும். மிச்சமிருக்கும் தகரம் இரண்டாவது வெட்டைத் தாங்காது என்கிறான் டுவேன். நானும் தட்டிப் பார்த்தேன். தாங்காது.

போகும்போது அவன் சொன்னான்: “பாதி தப்பு என்னுதும்தான் சார். எனக்கு அன்னைக்கே சந்தேகம். ஆனா உங்களை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்ல.” இன்று சர்ச்சில் அந்த வார்த்தையோடுதான் உட்கார்ந்திருந்தேன். எழுந்து பாடும்போதும் அது கூடவே நின்றது.

ஏனென்றால் எனக்கும் பழக்கமில்லை. நீ ராணுவத்தில் சேர்ந்துவிட்டாய் என்று தெரிந்த அன்று, துப்பாக்கியைக் கையால் தொடாத சபையில் பிறந்த பிள்ளையா இவன் என்று அப்பா கத்தவில்லை. இரவுச் சாப்பாட்டின் போது, “இந்த மேசையில இனி அவன் பேரை யாரும் எடுக்கக் கூடாது” என்று மட்டும் சொன்னார். அம்மா என்னைப் பார்த்தாள். என்னைப் போல நீயும் மருத்துவமனையில் இரண்டு வருஷம் வேலை செய்து ராணுவத்துக்கு ஈடுகட்டியிருக்கலாம் என்ற கோபம் எனக்கும் உள்ளே இருந்தது. நான் உருளைக்கிழங்குப் பாத்திரத்தை அடுத்த கைக்கு நகர்த்தினேன். நான் செய்தது அவ்வளவுதான்.

மறுநாள் உன் காரை ரோட்டில் போகிறவர்கள் பார்க்கக் கூடாது என்று கொட்டகைக்குள் தள்ளினோம். அப்பா தள்ளினார் என்றுதான் நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். அப்பா ஸ்டீரிங்கைப் பிடித்திருந்தார். பின்னாலிருந்து தள்ளியது நான். ‘பார்த்துக்கண்ணே’ என்று சாவியை நீ என் கையில் கொடுத்துப் போய் இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

வியட்நாமிலிருந்து நீ பள்ளிக்கூட முகவரிக்கு எழுதிய மூன்று கடிதங்களும் வந்தன. மூன்றையும் படித்தேன். பதில் எழுதவில்லை. திரும்பி வந்து டூசானிலேயே தங்கிவிட்டாய். அப்பா எண்பத்தொன்றில் போனார். அதன் பிறகும் வீட்டுக்கு வா என்று நான் உன்னிடம் சொல்லவில்லை. அந்த வருஷம் காருக்குப் புதுத் தார்ப்பாய் வாங்கிப் போட்டேன். அதையே பெரிய காரியமாக நினைத்துக்கொண்டேன்.

இந்தக் குளிர்காலத்தில் ஒவ்வொரு நாளும் எனக்கு ஒரு வேலை இருந்தது, தம்பி. திருகாணி, துரு, உப்புத்தாள். சாயங்காலம் கை வலிக்கும்போது, உனக்காக ஏதோ செய்கிறேன் என்று இருக்கும். டூசானுக்கு பஸ்ஸில் இரண்டே நாள்தான் என்பதை நினைக்காமல் இருக்க அந்த வேலை மிகவும் உதவியது. இது நேற்று கதவு மூடாமல் நின்றபோதுதான் எனக்குப் புரிந்தது. இந்த வயதில் புரிந்து என்ன செய்ய?

நேற்று சமையலறையில் ஆர்லினிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கையிலிருந்த தட்டைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்: “தம்பியப் பார்க்கப் போக உங்களுக்கு ஒரு கார் வேணுமாக்கும்? பஸ் ஓடுதில்ல?” கார் ஓடாவிட்டால் முகத்தில் முழிக்காதே என்று நீ சொன்னதைச் சொன்னேன். “அவரு சொன்னாராம், இவரு கேட்டாராம். அப்பா சொன்னாலும் கேட்டீங்க, தம்பி சொன்னாலும் கேக்குறீங்க. ஜென்மத்துல ஒரு தடவை யாராவது சொன்னதைக் கேக்காமத்தான் இருந்து பாருங்களேன்” என்று தட்டை அடுக்கில் வைத்தாள். கொஞ்சம் சத்தமாகத்தான் வைத்தாள்.

அதனால் நாளைக் காலையில் இந்தக் கடிதத்தைப் பெட்டியில் போட்டுவிட்டு, அப்படியே பஸ் டிக்கெட் வாங்கப் போகிறேன். விமானத்துக்கான பணம் அந்தக் காருக்குள் கிடக்கிறது. நாளைக்கே ஏறியிருப்பேன். ஆனால் கடிதம் எனக்கு முன்னால் வந்து சேர வேண்டும். வெறும் கையோடு வருகிறேன் என்பதையும், அந்தக் காரைத் தள்ளியவன் யார் என்பதையும் என் முகத்தைப் பார்த்து நீ தெரிந்துகொள்ளக் கூடாது. புதன்கிழமை ஏறுகிறேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் உன் ஊரில் இறங்குவேன்.

நடீனைக் கதவைத் திறந்து வைக்கச் சொல். நீ என்னோடு பேச வேண்டாம். பார்க்கப் பிடிக்காவிட்டால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள். நான் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். போ என்று சொன்னாலும் போக மாட்டேன்.

கடவுள் உனக்கு வலியில்லாத தூக்கத்தைத் தரட்டும். இன்று ஞாயிறு. வெள்ளிக்கிழமைக்கு ஐந்து நாள்தான் இருக்கிறது. அதுவரை இரு, தம்பி.

உன் அண்ணன்,
வெண்டல் ஹோஸ்டெட்லர்