மூன்றும் சேர்ந்தபோது

ஸ்கூடாய்,
4.11.2024

அன்புள்ள ஹேமா அண்ணனுக்கு,

போன் போட்டால் "சாப்பிட்டியா, சரி" என்று வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் கடிதம். வெள்ள எச்சரிக்கையைப் போனுக்கு மெசேஜாக அனுப்பும் மென்பொருளை நான்தான் சோதித்தேன். பெயர், மொழி, ஊர், யார் பதிந்தது என்று எல்லாச் சேர்க்கையையும் பார்க்க ஒரு வருடம் பிடிக்கும். அதனால் எந்த இரண்டும் ஒரு தடவையாவது சேர்ந்து வரும்படி நாற்பது சோதனை மட்டும் போட்டேன். பெரும்பாலான பிழைகள் அதிலேயே மாட்டிவிடும். தீபாவளிக்கு முன்பே முடித்தாயிற்று! தமிழிலும் வரவேண்டும் என்று சண்டை போட்டதும் நான்தான். ஆற்றோரம் தனியாக இருக்கிறாரே அப்பா, அவரை முதலில் பதியுங்கள்.

உங்கள் செல்லத் தங்கை,
ஷர்மினி

கோத்தா திங்கி,
12.11.2024

அன்புத் தங்கச்சிக்கு,

அப்பாவுக்கு இதெல்லாம் பிடிபடாது. என் போனிலிருந்தே அவருக்குப் பதிந்துவிட்டேன். அடையாள அட்டையில் உள்ளபடி "அய்யாவு ஏ/எல் வெள்ளையன்", மொழி தமிழ். "என் மக செஞ்சது லா" என்று பக்கத்து வீட்டு ரூபேந்திரனிடம் ஒரே பெருமை. இனி சிங்கப்பூர் வேலைக்கு நிம்மதியாகப் போய் வருவேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்பு அண்ணன்,
ஹேமநாதன்

ஸ்கூடாய்,
9.1.2025

அண்ணா,

அப்பாவின் இறுதிச் சடங்கு முடிந்து வந்ததும் பதிவுகளைத் திறந்து பார்த்தேன். வெள்ளம் வந்த அன்று ஊருக்கே மெசேஜ் போயிருக்கிறது. அப்பாவுக்கு மட்டும் போகவில்லை. பெயரில், இன்னார் மகன் என்பதற்கு மலாயில் போடும் ஏ/எல்லின் சாய்கோடு, மொழி தமிழ், பதிந்தது வேறொருவர் போன். இதில் எந்த இரண்டு சேர்ந்தாலும் ஓடுகிறது. மூன்றும் சேர்ந்தால் சத்தமில்லாமல் நின்றுவிடுகிறது. மூன்று மூன்றாகச் சோதிக்க இன்னும் இரண்டு வாரம் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. இந்த மூன்றும் சேர்வது நம் தமிழ் வீடுகளில்தானே? அது எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? நன்றாக ஏசுங்கள் அண்ணா. ஆனால் பதில் போடுங்கள்.

ஷர்மினி

கோத்தா திங்கி,
12.1.2025

ஷர்மினி,

யார் போனிலிருந்து பதிந்தது என்று நீ பெயர் சொல்லவில்லை. எனக்கே தெரியும்.

ரூபேந்திரன் நேற்று வந்து அழுதார். தண்ணீர் வாசலுக்கு வந்ததும் தன் மெசேஜைக் காட்டி, அப்பாவைக் கையைப் பிடித்து இழுத்திருக்கிறார். "உனக்கு வந்துச்சுல்ல, நீ போய்யா. எனக்கு என் மக அனுப்புவா" என்றாராம்.

அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் பதினேழாம் தேதி. அவர் உனக்கும் அப்பா, வா. என்னிடம் மட்டும் பேசாதே.

ஹேமநாதன்