அடுத்தவர் மேல் விழுந்த சிவப்பு

வியாழன், இரவு.

தூக்கம் வரவில்லை. காலையில் சூப்பர்வைசர் நான் எக்ஸலில் போட்ட வருகைப் பட்டியலைப் பார்த்துவிட்டு, தயாரிப்பு லைன் முழுக்கக் கேட்கும்படி அங்கே வேலை செய்யும் ஸ்டெல்லாவைத் திட்டினார். "இன்னாம்மா, தெனம் லேட்டு? உன் பேரு செவப்பாவே கீது!"

"கம்பெனி பஸ்லதான் சார் வரேன்" என்று அவள் அழுதாள்.

கம்பெனி பஸ்ஸில் வருபவள் எப்படித் தினமும் தாமதமாவாள் என்று மதியம் வரை எக்ஸலோடு மல்லுக்கட்டினேன். தாமதமாக வந்தவர் பெயர் சிவப்பாக வேண்டும், அவ்வளவுதான் நான் போட்ட ரூல். அழித்துத் திரும்பப் போட்டாலும் அதே சிவப்பு. எரிச்சலில் சாப்பிடவும் போகவில்லை. கடைசியில்தான் கண்ணில் பட்டது. பெயர்கள் மூன்றாம் வரிசையில் தொடங்குகின்றன. ஃபார்முலாவில் இரண்டாம் வரிசை என்று இருக்கிறது. ஒவ்வொருவர் தாமதமும் அவருக்குக் கீழே இருப்பவர் மேல் விழுந்திருக்கிறது. ஸ்டெல்லாவுக்கு மேலே இருப்பது செல்வம், சூப்பர்வைசரின் மச்சான்.

திருத்தி, சூப்பர்வைசரிடம் காட்டினேன். செல்வத்தின் பெயர் சிவந்ததைப் பார்த்தவர், "இந்தக் கலரே வாணாம், எடுத்துடு" என்றார்.

"ஸ்டெல்லாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க சார்."

காதில் போனை வைத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார். கலரை நான் எடுக்கவில்லை. தப்பு என்னுடையது என்று ஸ்டெல்லாவிடம் நானே போய்ச் சொன்னேன்.

"என்கிட்ட மட்டும் வந்து சொன்னா எப்டிக்கா? திட்டுனது எல்லாருக்கும்தான கேட்டுச்சு?" என்றாள்.