தோட்ட விளக்கும் நெபுலாவும்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? கண் மங்கலாக இருப்பதால் தம்பிதான் இதைப் படித்துக் காட்டுவான். எதையும் விழுங்காமல் படிக்கட்டும்.

போன வாரம் பின்தோட்டத்தில் ஏதோ உருளும் சத்தம் கேட்டது. திருடன் என்று நினைத்து மாடியிலிருந்து தோட்ட விளக்கைப் போட்டேன். கீழே டெலஸ்கோப்பும் கேமராவுமாக, நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் நின்றார். பிளம்பர் வேலை பார்ப்பவர்.

"அய்யோ, அணைங்கம்மா, அணைங்க! ஒரு படம் போச்சு!"

மன்னிப்புக் கேட்க இறங்கிப் போனேன். நெபுலாவை, அதாவது நட்சத்திரங்கள் பிறக்கும் வாயு மேகத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். திரையில் வெறும் சாம்பல் கறை.

"இதுக்கா இத்தனை பாடு?" என்றேன்.

"ஒரு படத்துல ஒண்ணும் தெரியாதும்மா. நூறு படத்தை ஒண்ணுமேல ஒண்ணா அடுக்கினாத்தான் தெளியும். அவசரப்பட்டா குழாயே ஒழுகும்."

மூன்றாம் நாள் அடுக்கிய படத்தைக் காட்டினார். செந்நிற மேகம், நடுவே நட்சத்திரக் கூட்டம். கணினியில் வண்ணம் பூசியிருப்பார் என்று சந்தேகப்பட்டு, நூறையும் திறந்து பார்த்தேன். உற்றுப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் அந்தச் சிவப்பு துளியாவது இருந்தது. தெருவிளக்குகளுக்கு நடுவே, பகலெல்லாம் குழாய் முடுக்கும் கை இதைப் பிடித்திருக்கிறது!

என் பழைய கம்பளிக் குல்லாயை அனுப்பச் சொல்லுங்கள். இனி நானும் தோட்டத்தில் உட்காரப் போகிறேன். ஞாயிற்றுக்கிழமை பேசும்போது போனைச் சமையலறையில் வையுங்கள். பாத்திரச் சத்தம் கேட்டாலும் போதும்.

படத்தை இத்துடன் வைக்கவில்லை. கண்புரை ஆபரேஷனை நான்கு முறை தள்ளிப் போட்டுவிட்டீர்கள். கட்டுப் பிரித்த மறுநாள் அனுப்புகிறேன். நீங்களே பார்க்க வேண்டும், தம்பி சொல்லிக் கேட்கக் கூடாது.

நான் ஏற வேண்டிய பேருந்து வந்துவிட்டது, முடிக்கிறேன்.

உங்கள் மகள்