பிள்ளையாரைக் கழற்றினேன்

12 மார்ச் 1964, வியாழன்

ஞாயிற்றுக்கிழமை பந்தயத்துக்காக என் மகன் ரமணி அவன் அப்பாவின் ஸ்போர்ட்ஸ் காரைத் தாராவி ஒர்க்‌ஷாப்பில் விட்டிருக்கிறான். இன்று நானும் போனேன். வேகமாகத் திரும்பும்போது கழன்று விழக்கூடியது எதுவும் உள்ளே இருக்கக்கூடாதாம். ஸ்டெப்னியை எடுத்தாயிற்று. என் வீட்டுக்காரர் தன் கையால் டாஷ்போர்டில் திருகி வைத்த பிள்ளையார் மட்டும் பாக்கி. மெக்கானிக் இசக்கி அதைத் தொடவில்லை.

"ஏன், பிள்ளையார் கடிப்பாரா?" என்றான் ரமணி.

"அவரு கடிக்க மாட்டாரு தம்பி. ஒங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா அம்மா மொகத்துல நான் எப்பிடி முழிக்க? நீங்களே எடுங்கம்மா."

போகாதே என்று அப்போது சொல்லியிருந்தால் ரமணி கேட்டிருப்பான். ஸ்க்ரூ டிரைவரை வாங்கி நானே கழற்றினேன். கை நடுங்கவில்லை. அவர் இறந்த பிறகு எனக்கு எதற்குமே நடுங்குவதில்லை. அதைத் தைரியம் என்று நினைத்து ரமணி சிரித்தான். அது தைரியம் இல்லை என்று அவனிடம் சொல்ல, பந்தயத்துக்கு முன் இன்னும் இரண்டு நாள் இருக்கிறது.