காப்பி டப்பா மெழுகுவத்தி

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? வாசல் பனியை நீங்களே அள்ளாதீர்கள், தம்பி ரோரியிடம் விடுங்கள்.

என் ஹாக்கிப் பெண்கள் சனிக்கிழமை மூன்று ஆட்டமும் தோற்றார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஞாயிறு திரும்பும்போது, சஸ்காச்சுவான் சமவெளி நடுவில் பனிப்புயல். வேன் பனியில் புதைந்து எஞ்சின் நின்றுபோனது. பயப்படாதீர்கள், இரண்டே மணி நேரத்தில் பனி அகற்றும் வண்டி வந்துவிட்டது. எனக்கு எரிச்சல் வேறு விஷயத்தில். வண்டி நின்றால் உள்ளே கொளுத்திக் குளிர்காய நீங்கள் காப்பி டப்பாவில் போட்டுக் கொடுத்தீர்களே, அந்தத் தடித்த மெழுகுவத்தியைக் காணோம். தீப்பெட்டி மட்டும் இருந்தது.

"எவடி எடுத்தது? விளையாட்டுச் சாமானா இது?" என்று கத்தினேன்.

கோல்கீப்பர் ஷெல்பி பின்சீட்டிலிருந்து, "கோச், நேத்து உங்க பிறந்தநாள் கேக்குல வெச்சது அதுதான், ஹோட்டல்லயே விட்டுட்டோம். நீங்கதானே ஊதி அணைச்சீங்க?" என்றாள்.

அதற்குமேல் எப்படித் திட்டுவது? எட்டுப் பேரும் நடுங்கிக்கொண்டு என்மேலேயே சாய்ந்திருந்தார்கள்.

இரண்டு மெழுகுவத்தி அனுப்புங்கள். சனிக்கிழமை முழுக்க போனைக் கையிலேயே வைத்திருந்தேன். உங்கள் பக்கம் லைன் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

தபால்காரர் வந்துவிட்டார்.

மேவிஸ்